நான் கல்லாற்றங்கரையில் நிறுத்திய பதினொரு பேர்

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் என் அண்ணாவின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு சுவரில் தொங்குகிறவர்கள் முப்பது பேராவது இருப்பார்கள். அத்தனை பேரும் காலமானவர்கள். அண்ணா நன்றாக இருக்கிறான், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறான், இந்த விஷயம் அவனுக்கு இன்றுவரை தெரியாது. தெரிந்தால் பயப்படுவான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்த சமயம். சாலையில் பாத்திரக் கடை ஒன்றின் மாடியில், ஸ்கேனிங், பிரிண்டிங், பிரவுசிங் என்று மூன்று வர்ணத்தில் போர்டு எழுதிய கடையில் நான் வேலை பார்த்தேன். முன்னறையில் மூன்று கம்ப்யூட்டர், இன்டர்நெட் பார்க்க வருகிறவர்களுக்கு. பின்னறையில் ஒன்று, எனக்கு. என்னோடு டிப்ளமா படித்த எங்கள் ஸ்ரீவராகத்துப் பெண்களெல்லாம் கழக்கூட்டத்துப் பக்கம் கண்ணாடிக் கட்டட சாஃப்ட்வேர் கம்பெனிகளுக்கு வேன் ஏறிப் போக, நான் மட்டும் வத்தல் மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே மாடிப்படி ஏறினேன். அம்மாவுக்கு அது பெரிய குறை. எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக் கட்டடத்தில் எவளுக்குத் தனி அறை இருந்தது?

என் வேலை பெரும்பாலும் இறந்தவர்களோடு. வீட்டில் யாராவது போய்விட்டால் பதினாறாம் நாளுக்குள் சுவரில் மாட்டப் படம் வேண்டும். தேடினால் அகப்படுவது ரேஷன் கார்டிலிருந்து பிய்த்தது, யார் கல்யாணத்திலோ பந்தியில் வாயைத் திறந்தபடி விழுந்தது, ஆஸ்பத்திரியில் கடைசி மாதம் எடுத்தது, இப்படி ஏதாவது ஒன்றுதான். அதைக் கொண்டுவந்து மேஜையில் வைத்து, "கொஞ்சம் நல்லா பண்ணிக் குடுக்கணும்" என்பார்கள். அந்தக் 'கொஞ்சம் நல்லா'வில் என்னென்ன அடங்கும் என்று அவர்களும் சொல்ல மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். ஒட்டிய கன்னத்தை நிரப்புவேன். மூக்கில் செருகிய குழாயை எடுத்துவிட்டு மூக்கை மட்டும் திருப்பித் தருவேன். சட்டையில்லாதவருக்குச் சட்டை, வசதியான வீடென்றால் அண்ணாவின் கோட்டு. வெறுங்கழுத்துக்கு இரண்டு வடம் சங்கிலி. உதட்டோரத்தை ஒரு இழை மேலே தள்ளினால் எப்பேர்ப்பட்ட சிடுமூஞ்சியும் சிரித்துவிடும்.

பின்னணிக்குக் கல்லாறு. உறவுக்காரர்களெல்லாம் வேன் பிடித்துப் பொன்முடி மலைக்குப் போன வழியில் கல்லாற்றில் இறங்கி எடுத்த படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதிலிருந்து அத்தைகளையும் புளியோதரைத் தூக்கையும் அழித்து, வெறும் ஆறும் பாறையும் மரமுமாக எடுத்து வைத்திருந்தேன். உயிரோடு இருந்தபோது சாலையைத் தாண்டிப் போகாத எத்தனையோ பேரை அந்த ஆற்றங்கரையில் நிறுத்தியிருக்கிறேன். படம் வாங்க வருகிறவர்கள் பார்த்ததும் அழ வேண்டும். அழாமல் வாங்கிக்கொண்டு போய்விட்டால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவு கர்வம்.

கடைக்காரரை நாங்கள் எல்லோரும் சேட்டன் என்றுதான் கூப்பிடுவோம். தங்கமான மனுஷர், ஒரே ஒரு வியாதி. காலையில் கடை திறந்து சாம்பிராணி போட்டதும் மின்னஞ்சலைத் திறப்பார். இரவில் வந்து குவிந்திருக்கும் ஃபார்வர்டுகளை ஒன்று விடாமல் படித்து, பிடித்ததைப் பிரிண்ட் எடுத்து, முன்னறைப் பலகையில் குத்தி வைப்பார். உலக சபை ஒன்று நம் தேசிய கீதத்தைத்தான் உலகத்திலேயே சிறந்தது என்று அறிவித்துவிட்டதாக ஒன்று. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு வெள்ளைக்காரத் துரை, இந்த நாட்டில் ஒரு பிச்சைக்காரனைக்கூடப் பார்க்கவில்லை என்று பார்லிமென்டில் பேசியதாக இன்னொன்று. துரை பிச்சைக்காரர்களைப் பார்க்காமல் எந்தத் தெருவில் நடந்தாரோ, யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காததோடு, அமெரிக்காவில் இருந்த சித்தி பிள்ளைகளுக்குத் தவறாமல் அனுப்பியும் வைத்தேன். நம்மைப் புகழ்ந்து ஒருவர் எழுதியிருக்கும்போது அது உண்மையா என்று நோண்டுவது மரியாதை இல்லை என்பது போன்ற ஒரு நினைப்பு.

அப்படியிருந்த ஒரு நாளில்தான் அந்த அக்கா மாடியேறி வந்தார். தெரு முனையில் இருந்த ஜவுளிக் கடையில் சேலை எடுத்துப் போடும் வேலை அவருக்கு. அம்பாசமுத்திரத்துப் பக்கத்து ஆள், இங்கே வந்து இருபது வருஷமாகிறது. அப்பாவுக்கு முதல் வருஷத் திவசம் வருகிறதாம். கையில் செய்தித்தாளில் மடித்த ஒரு பழைய படம்.

"இதைப் பெருசா போடணும்மா. எல்லாரும் வேணும். அப்பாவை மட்டும் தனியா வெட்டி எடுத்திராதீங்க" என்றார்.

படத்தில் பதினொரு பேர் ஓலைக் கொட்டகை ஒன்றின் முன்னால் வரிசையாக நின்றார்கள். இடுப்பில் ஒரு துண்டுத் துணி, அவ்வளவுதான். எனக்கு முதலில் மனிதர்களே தெரியவில்லை, விலா எலும்புகள்தான் தெரிந்தன. குறுக்கே இரண்டு மடிப்பு, ஒரு மூலையைக் கரையான் தின்றிருந்தது.

"அப்பாவோட ஆளுக. மலேயாவுல ரப்பர் தோட்டத்துல பால் வெட்டிக்கிட்டு இருந்தவங்களைச் சண்டை சமயத்துல சப்பான்காரன் சயாமுக்கு ரயில் ரோடு போடக் கூட்டிட்டுப் போனானாம். மூணு மாசத்துல திருப்பி விட்டுருதேன்னு சொல்லித்தான். காட்டுக்குள்ள காலராவும் அடியும்... கொத்துக்கொத்தா செத்தாங்களாம். சண்டை முடிஞ்சப்புறம் ஆஸ்பத்திரி முகாம்ல ஒரு வெள்ளைக்காரன் எடுத்து, எங்கப்பாகிட்ட ஒண்ணு குடுத்திருக்கான். இந்தப் பதினொரு பேருல ஊரு வந்து சேந்தது எங்கப்பாவையும் சேத்து நாலு பேருதான்."

நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் கவனம் காதில் பாதி, ஸ்கேனரின் மேல் பாதி. "கவலைப்படாதேங்கோ அக்கா, ஜோரா பண்ணித் தரேன்" என்றேன்.

மூன்று நாள் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினேன். அதற்கு முன்னும் பின்னும் எந்தப் படத்துக்கும் நான் அப்படி உழைத்ததில்லை. ஒவ்வொரு ஆளையும் திரை முழுக்கப் பெரிதாக்கி வைத்துக்கொண்டு எலும்புக்கு மேல் சதை பூசினேன். பதினொரு பேருக்கும் வெள்ளைச் சட்டை. ஒரே சட்டை என்று தெரியாமலிருக்க மடிப்புகளை மாற்றி மாற்றி வைத்தேன். கொட்டகையைத் தூக்கிவிட்டுக் கல்லாற்றைக் கொண்டுவந்தேன். கடைசியில் உதடுகள். முடித்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிப் பார்த்தேன். விடுமுறைக்கு வந்த ஆபீஸ்காரர்கள் பதினொரு பேர் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு சிரித்தார்கள்.

அக்கா வந்து படத்தைக் கையில் வாங்கி வெகுநேரம் பார்த்தார். "எங்கப்பா இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல" என்றார். அழுதார். எனக்கு வயிறு நிறைந்துவிட்டது. கிளம்புகிறபோது நான் எல்லோருக்கும் சொல்வதை அவருக்கும் சொன்னேன்: "புதுசு மாட்டினப்புறம் பழசை வீட்டுல வச்சுக்காதேங்கோ. காலமானவா முகம் கிழிஞ்சு கிடக்கப்படாது. திவசத்தன்னிக்கு ஜலத்துல விட்டுடுங்கோ." இதை எந்த சாஸ்திரத்திலும் நான் படிக்கவில்லை. பழைய படத்தையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சிலர் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வருவார்கள். அதற்காகக் கடையில் நாங்களாகச் சொல்லத் தொடங்கியது, நாளாக ஆக எனக்கே நம்பிக்கையாகிவிட்டிருந்தது.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பழைய படங்களைத் திருத்துகிறவர்கள் உலகம் முழுவதிலுமிருந்து வந்து பீற்றிக்கொள்ளும் இணையதளம் ஒன்று இருந்தது. திருத்துவதற்கு முன், திருத்திய பின் என்று ஜோடியாகப் போடுவார்கள். முன்னதைப் போட எனக்கு மனசில்லை, அந்த எலும்புகளை ஊரார் பார்ப்பானேன் என்று. பின்னதை மட்டும் போட்டு, சயாம் ரயில் பாதையில் வேலை செய்த தமிழர்கள் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. பிரேசிலிலிருந்து ஒருவர் அருமை என்று எழுதியிருந்தார். அந்த வாரம் நான் தரையில் நடக்கவில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் மாடியேறி வந்தால், பலகையில் பதினொரு பேரும் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

"இது கண்டோ மோளே?" என்று சேட்டன் குதூகலமாக வந்தார். "அந்த சயாம் ரயில் கதை முழுக்கக் கள்ளமாணு, பொய். வெள்ளைக்காரன் உண்டாக்கிய கதை. ஆளுங்க எத்தற சந்தோஷமா நிக்கிறாங்க பாரு. நல்ல வெள்ளைச் சட்டை, நல்ல ஸ்தலம்!"

படித்தேன். ஏசியாக்காரன் ஏசியாக்காரனைக் கொன்றான் என்பது தோற்றுப்போன வெள்ளைக்காரன் கட்டிவிட்ட புளுகு, கூலிக்கு வேலைக்குப் போனார்கள், குளிர்ந்த ஆற்றங்கரையில் முகாம், சாப்பாடு, துணிமணி, ஞாயிற்றுக்கிழமை லீவு, ஆதாரம் கீழே. கீழே என் படம். நான் எழுதிய அந்த ஒரு வரியும் அப்படியே இருந்தது. உண்மையான இந்தியனாக இருந்தால் பத்துப் பேருக்கு அனுப்பு என்று முடிந்தது.

"சேட்டா, இது நம்ம கடைப் படம்" என்றேன். "நான் பண்ணினது. சட்டை நான் மாட்டினது. இது கல்லாறு."

சேட்டன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி மாட்டிப் பார்த்தார். ஒரே படத்தை அவரே என் பின்னறையில் பார்த்துப் பாராட்டியிருக்கிறார். காகிதத்தில் அச்சாகி, கீழே ஆங்கிலத்தில் நாலு வரி இருந்ததும் அது வேறு படமாகிவிட்டது. "ஐயோ மோளே" என்றார். "நான் இதை எழுபது பேருக்கு மெயில்ல அயச்சு போயி."

அன்று மத்தியானம் கடை ஓய்ந்ததும் தேட உட்கார்ந்தேன். என் படம் அதற்குள் ஏழெட்டு இடங்களில் இருந்தது. ஒன்றில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, பழுப்பேற்றி, பழையதாகவே ஆக்கியிருந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது, அதிலும் பாதி தொழில் எரிச்சல்தான், வேலை சுத்தமாக இல்லை. தேடத் தேட வேறு கதைகளும் வந்து விழுந்தன. ஐரோப்பாவில் யூதர்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற முகாம்களைப் பற்றி ஒருவர் கேட்கிறார், அங்கே நீச்சல் குளம் இருந்ததே, வாத்தியக் கோஷ்டி இருந்ததே, கொல்கிற இடத்தில் பாட்டு எதற்கு என்று. ஆர்மீனியர்களைப் பாலைவனத்துக்கு நடத்திக் கொன்றதை ஒருவர் வெறும் இடமாற்றம் என்கிறார். யாரும் கத்தவில்லை, திட்டவில்லை. நல்ல படம் ஒன்றைப் போட்டு, ரொம்ப அப்பாவியாக ஒரு கேள்வி. அவர்களுக்கு வேண்டியதெல்லாம் கொஞ்சம் நல்லா பண்ணின ஒரு படம். அந்த உத்தியோகத்தில் நான் அவர்களுக்கு முந்தி சேர்ந்திருந்தேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் வந்தது.

சேட்டனின் எழுபது பேருக்கும், அந்த இணையதளத்துக்கும், கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் பதில் எழுதினேன். படத்தைத் திருத்தியது நான், அவர்கள் பட்டினியில் எலும்பும் தோலுமாக நின்றார்கள், தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பெரும்பாலும் பதிலே இல்லை. ஒருவர் மட்டும் மரியாதையாக எழுதினார்: நீங்கள் சொல்வது உண்மையானால் அசல் படத்தைக் காட்டுங்கள்.

நியாயமான கேள்வி. அசல் எங்கே? கடைக் கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்கில் இடம் ஒரு கையளவுதான். படம் கைமாறிய அன்றே ஸ்கேன் செய்ததை அழித்துவிடுவது எங்கள் வழக்கம். நான் அழித்ததுதான், எனக்கே நினைவிருந்தது. அசல் இருந்தால் அக்காவிடம்தான் இருக்க வேண்டும்.

ஜவுளிக் கடைக்குப் போனேன். மத்தியான நேரம், கூட்டமில்லை. அக்கா மடித்த சேலைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறியது. நான் சொல்லத் தொடங்குவதற்கு முன்னாலேயே அவருக்குத் தெரிந்திருந்தது என்பது எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"என் மக காலேஜுல பாத்துட்டு வந்து காமிச்சா" என்றார். "அவ சிநேகிதி ஒருத்திக்கு வந்திருக்கு. இது எங்க தாத்தான்னு இவ சொல்லவும் எல்லாரும் சிரிச்சாங்களாம், உங்க தாத்தா பிக்னிக் போயிட்டு வந்து கதை விட்டிருக்காருன்னு."

"அக்கா, அது என் தப்பு. நான்தான் உங்களைக் கேக்காம..."

"அது கிடக்கட்டும்மா. இப்ப அவ என்கிட்ட கேக்குறா. அம்மா, தாத்தா சொன்னது நெசமா, இந்தப் படம் நெசமான்னு. தாத்தா மடியில கிடந்து அந்தக் கதையெல்லாம் கேட்டு வளந்த பிள்ளை. நான் என்ன சொல்லட்டும்? படம் நம்ம வீட்டுச் சுவத்துலதான தொங்குது. நான்தான மாட்டினேன்."

"அந்தப் பழைய படத்தைக் காட்டுங்கோ. அதைப் பாத்தா அவளுக்குப் புரிஞ்சுடும்."

அக்கா என்னையே பார்த்தார். கோபம்கூட இல்லை, என்னை நினைத்துப் பரிதாபப்படுகிற மாதிரி இருந்தது. "நீங்கதானம்மா சொன்னீங்க. திருவல்லம் கோயில்ல பலி போட்டுட்டு, பிண்டத்தோட சேத்து ஆத்துல விட்டுட்டோம்."

அந்த ஜவுளிக் கடையிலிருந்து எங்கள் மாடிப்படிவரை நூறு தப்படி இருக்கும். அந்த நூறு தப்படியும் அந்தப் பழைய படத்தையே நினைத்துக்கொண்டு நடந்தேன். ஒரு மனுஷர் சாகாமல் தப்பித்து, கப்பலேறி, அறுபது வருஷம் மடிப்புக் குலையாமல் காப்பாற்றி வைத்திருந்த ஒரே ஒரு காகிதம். கரையான் ஒரு மூலையோடு நிறுத்திக்கொண்டது. மிச்சத்தை நான் முடித்துவைத்தேன்.

சேட்டன் உண்மையாகவே வருந்தினார். அவருக்குத் தெரிந்த ஒரே பரிகாரத்தையும் சொன்னார். "மோளே, நீ திரும்பவும் வரச்சுக் குடுக்க முடியாதா? எலும்பு, கொட்டகை, எல்லாம்?"

முடியும். உட்கார்ந்தேன். ஒரு ஆளின் சட்டையைக் கழற்றி விலா எலும்பு போட்டேன். அரை மணி நேரத்தில் பிரமாதமாக வந்தது, எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. இன்னும் இரண்டு நாள் உட்கார்ந்தால் பதினொரு பேரும் பசியில் நின்றுவிடுவார்கள், உலகம் நம்பிவிடும். சேட்டன் பின்னால் நின்று "கலக்கி" என்றார். அந்த ஒரு வார்த்தையில் எனக்குச் சீ என்று ஆகிவிட்டது. இதையும் யாராவது ஒருவன் பெரிதாக்கிப் பார்த்து, ஒரே எலும்பை மூன்று பேருக்குப் போட்டிருக்கிறாள் என்று கண்டுபிடிப்பான். அப்புறம் நிஜமாகச் செத்தவர்களையும் சேர்த்துப் பொய் என்பான். கண்டுபிடிக்காவிட்டாலும் அது நான் வரைந்ததுதான். சேமிக்காமல் மூடினேன்.

கையில் மிச்சமிருந்ததை வைத்து ஒரு காரியம் செய்தேன். அத்தைகளும் புளியோதரைத் தூக்கும் இருக்கும் கல்லாற்றுப் படத்தின் நெகடிவ் வீட்டில் இருந்தது. அதைப் பிரிண்ட் போட்டு ஸ்கேன் செய்தேன். வெள்ளைச் சட்டையும் அண்ணாவுடையதுதான், அதன் படத்தையும் எடுத்தேன். பதினொரு பேருக்குப் பின்னால் இருக்கும் பாறையும் சின்ன அத்தைக்குப் பின்னால் இருக்கும் பாறையும் ஒன்றே என்று வட்டம் போட்டுக் காட்டி எல்லோருக்கும் அனுப்பினேன். சிரிக்கிற படம் பொய் என்பதற்கு என்னிடம் இத்தனை ஆதாரம் இருந்தது. எலும்புக்கு ஒன்றுமில்லை. இரண்டு மூன்று இடத்தில் படத்தை எடுத்தார்கள். ஒரு புண்ணியவான், அந்த ஆறு எங்கே இருக்கிறது, குடும்பத்தோடு போக வசதிப்படுமா என்று விசாரித்து எழுதினார். சேட்டன் தன் எழுபது பேருக்கும் ஒவ்வொருவராகப் போன் செய்தார், அதை நான் சொல்லியாக வேண்டும். பலகையைக் கழற்றி மேஜைக்கடியில் போட்டுவிட்டார். ஒரு மாதம் கழித்து மறுபடி மாட்டினார், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்தப் பெண்ணுக்கு இதெல்லாம் போதவில்லை. ஒரு சனிக்கிழமை அவளே கடைக்கு வந்தாள். பி.ஏ. இரண்டாம் வருஷம், திருவனந்தபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவள், வாயைத் திறந்தால் பாதி மலையாளம். என்மேல் இருந்த கோபத்தை மறைக்கவுமில்லை, காட்டவுமில்லை.

"சேச்சி, நீங்க அந்தப் படத்தை எத்தற நாள் பாத்தீங்க?"

"மூணு நாள்."

"பெருசாக்கியா?"

"ஆமா. ஒவ்வொருத்தரா."

"எனக்கு அத்தற ஓர்மை இல்ல. தாத்தா பெட்டிக்குள்ள வச்சிருப்பாரு, தொட விட மாட்டாரு. அம்மைக்கும் அத்தற தெரியாது. நீங்க எதையெல்லாம் மூடினீங்கன்னு உங்களுக்குத் தெரியுமல்லோ? நாளைக்கு வீட்டுக்கு வந்து சொல்லணும். நான் எழுதணும்."

எனக்குத் தெரிந்திருந்தது. அதை அதுவரை நான் யோசிக்கவே இல்லை. எங்கே எலும்பு துருத்திக்கொண்டிருந்தது என்று தெரியாமல் அதன்மேல் சதை பூச முடியாது. உலகத்தில் அந்தப் பதினொரு பேரையும் அவ்வளவு அருகில் உற்றுப் பார்த்த ஆள் உயிரோடு இருந்தது நான் ஒருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனேன். சாலைக்குப் பின்னால் வரிசை வீடுகளில் ஒன்று, இரண்டே அறை. படத்தைச் சுவரிலிருந்து இறக்கித் தரையில் சாய்த்து வைத்திருந்தார்கள். அக்கா காப்பி கொடுத்தார். அக்காவின் அம்மா, எழுபதைத் தாண்டியவர், சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். பெண் ஒரு நீண்ட நோட்டைத் திறந்து ஒன்று, இரண்டு என்று பதினொன்றுவரை எண் போட்டாள்.

சொல்லத் தொடங்கினேன். இடது ஓரத்து ஆளுக்கு வலது காலில் இரண்டு விரல் இல்லை, நான் செருப்பு மாட்டினேன். இரண்டாவது ஆளுக்குத் தலைமுடி திட்டுத் திட்டாக உதிர்ந்திருந்தது, மூன்றாவது ஆளின் முடியை எடுத்து வைத்தேன். நாலாவது ஆள் ரொம்பச் சின்னவர், மீசைகூட இல்லை, வயிறு மட்டும் உப்பியிருந்தது, சட்டையைத் தொளதொளவென்று விட்டு மறைத்தேன். ஐந்தாவது ஆள் கேமராவைப் பார்க்கவில்லை, கண்ணைத் திருப்பினேன். சொல்லச் சொல்ல அந்தப் பெண் தலை நிமிராமல் எழுதினாள். ஒன்றும் விட்டுவிடக் கூடாது என்று எனக்கு ஒரு வெறி, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற வேகத்தில் சொன்னேன்.

ஏழாவது ஆள் அவளுடைய தாத்தா. கன்னத்துக் குழி, கழுத்தெலும்பு, இடது முழங்காலுக்குக் கீழே புண்ணைச் சுற்றிய துணி, எல்லாம் சொன்னேன். அவள் எழுதி முடித்து, "அடுத்தது எட்டு" என்றாள்.

அக்காவின் அம்மா காலை மடக்கிக்கொண்டு முன்னால் நகர்ந்து வந்தார். படத்தைப் பார்த்தபடியே, "அவிய கை எங்கம்மா?" என்று கேட்டார்.

யாரும் கேட்காமலிருந்தால் அதைச் சொல்லாமலே எழுந்து வந்திருப்பேன். இதை எழுதும்போதும் இத்தனை பக்கம் அதைச் சொல்லாமல்தான் வந்திருக்கிறேன். அசல் படத்தில் அந்தத் தாத்தாவின் வலது கை பக்கத்தில் நின்ற எட்டாவது ஆளின் இடுப்பைச் சுற்றி இறுக்கிப் பிடித்திருந்தது. விரல்கள் அவர் விலாவில் அழுந்தியிருந்தன. அந்த ஆளின் பாதம் தரையில் சரியாக ஊன்றவில்லை, தலை ஒரு பக்கம் தொங்கியிருந்தது. சட்டை மாட்டுவதற்கு அந்தக் கை எனக்கு இடைஞ்சலாக இருந்தது. எடுத்துவிட்டு, இரண்டு பேருக்கும் நடுவில் நாலு விரற்கடை இடம் விட்டு, எட்டாவது ஆளை நேராக நிமிர்த்தி, ஆற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டேன்.

"மறுநா விடியுமுன்ன அந்த ஆளு போயிட்டாராம்" என்றார் அந்த அம்மா. "படம் பிடிக்க மட்டுமாவது நிக்கட்டும்னு பிடிச்சிருந்தேன்னு சொல்லுவாவ. நீங்க படம் குடுத்த அன்னைக்கே பாத்தேன், கையக் காணோம். கம்ப்யூட்டர்ல போட்டா அப்படித்தான் வரும்போலன்னு இருந்துட்டேன்."

அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பெண் நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள்.

"சேச்சி, இதை எப்படி எழுதணும்?"

"கை இருந்தது, நான் அழிச்சுட்டேன்னு எழுது" என்றேன்.